எஞ்சின் திருத்தப் போன டிரம்ஸ்காரர்

இரண்டு வருடங்களுக்கு முன், கற்பிட்டியில் கச்சான் காற்று பேயாய் வீசிய ஒரு சனிக்கிழமை. இரவு இஷா தொழுகை முடிந்த கையோடு என் காக்கா, அதாவது என் அண்ணன், எங்கள் வீட்டு வாசலில் தன் சின்ன லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய போட் எஞ்சின் பழுது. விடிந்தால் களப்பில் மீன் தொழிலுக்கு இறங்க வேண்டும். என் கணவர்தான் எங்கள் பக்கத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவர்.

"மச்சான் எங்க புள்ள? ஹோட்டல்லயா? போன் அடிச்சா எடுக்கிறாரில்ல. நானே போய்க் கூட்டி வாறேன்" என்றார்.

நான்கு வருடங்களாக நான் காக்காவிடம் ஒரு பொய் சொல்லிவந்தேன். சனிக்கிழமைகளில் ஹோட்டல்காரர்களின் எஞ்சின் திருத்தப் போகிறார் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் அவர் போவது டிரம்ஸ் அடிக்க. அவரும் மூன்று கூட்டாளிமாரும் சேர்ந்து ஒரு ரொக் இசைக்குழு வைத்திருந்தார்கள். பாடுகிறவர் தலவிலயில் ஓட்டோ ஓடுகிறவர். மற்ற இருவரில் ஒருவர் உப்பளத்தில் வேலை, இன்னொருவர் சிலாபத்துச் சிங்களவர். பாட்டெல்லாம் அவர்களே கட்டியவை.

வாப்பா மவுத்தான பிறகு காக்காதான் என்னை வளர்த்து, நிக்காஹ் முடித்து வைத்தவர். 'மெக்கானிக்குக்குத்தானே உன்னைக் குடுத்தேன், கொட்டடிக்கிறவனுக்கா குடுத்தேன்?' என்று அவர் கேட்பார் என நானே ஒரு வசனத்தை எழுதி, நானே அதற்குப் பயந்துகொண்டிருந்தேன். கணவர் எத்தனை முறை கூப்பிட்டும் நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. பிறகு அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

"நானும் வாறேன் காக்கா" என்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு லொறியில் ஏறினேன். வழியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது எண்ணம். குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டும்போது சொல்ல நினைத்தேன். காக்கா தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதை முடியட்டும் என்று பார்த்தேன், ஹோட்டல் வந்துவிட்டது. என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

லொறியை விட்டு இறங்கும்போதே நிலம் அதிர்ந்தது. முன்னால் கதிரைகளில் வெள்ளைக்காரர்கள். பின்னால் கிடுகு வேலியோரம் எங்கள் ஊர்ச் சனம், முக்கால்வாசிப் பேர் கடல் தொழில் செய்கிறவர்கள். காக்கா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய், மேடையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மேடையைத்தான் பார்த்தேன்.

என் கணவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்ட அடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கதைக்காத மனிதர். அவர் கை எங்கே போகிறதோ அங்கே மற்ற மூவரும் போனார்கள். இவரோடா நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன் என்று இருந்தது.

பாட்டு முடிந்ததும் பாடகர் ஒலிவாங்கியில், "இப்ப எங்கட டிரம்ஸ்காரர் கடலுக்கு போட் எடுக்கப் போறார்" என்றார். கணவர் டிரம்ஸில் ஒரு நீண்ட உருட்டு உருட்டி, சட்டென்று நிறுத்தினார். மறுபடி ஒரு உருட்டு, இருமுவது போல இரண்டு அடி, நிறுத்தம். மூன்றாவது தடவையும் அதேதான். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலியோரம் நின்றவர்களுக்கு நன்றாகவே விளங்கியது. கயிற்றை இழுக்க இழுக்க ஸ்டார்ட் ஆகாத போட் எஞ்சின்!

"சோக்க இழுங்க காக்கா!" என்று ஒருவன் என் கணவரைப் பார்த்துக் கத்தினான்.

எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் பிடி அங்கே இருப்பதுபோல, கணவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். அடுத்த உருட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிட்டார்கள் இரண்டும் கூடவே பாய்ந்தன. வேலியோரம் விசில் பறந்தது. வெள்ளைக்காரர்களும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்கள்.

அப்போதுதான் என் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது என்ட எஞ்சின்! ரெண்டு தரம் இருமிப்போட்டு நிக்கிறது என்ட எஞ்சின்தான்!" பிறகு, முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, "அடிக்கிறது ஆரு தெரியுமா? என்ட மச்சான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டேன்.

"ஏன் புள்ள என்னட்ட மறைச்ச?" என்று கேட்டார்.

"நீங்க ஏசுவீங்க எண்டு நெனச்சேன்."

"ஏசித்தான் இருப்பேன். ஆனா வந்து பாத்துட்டுத்தானே ஏசுவேன்."

இடைவேளையில் எங்களைக் கண்டதும் கணவருக்கு முகம் வெளுத்துப்போனது. தடிகளைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். காக்கா, "எஞ்சின் பழுதுதான். அது பொறகு பாப்பம், முதல்ல மத்தப் பாட்டையும் அடிச்சு முடிங்க மச்சான்" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். "நல்லா அடிச்சீங்க" என்றேன். அன்று இரண்டாம் பாதியில் அவர் அடித்த அடியைப் போல நான் எங்கும் கேட்டதில்லை.

காக்கா இப்போதும் இடைக்கிடை, "மார்க்கத்தையும் தொழுகையையும் பாத்து நடங்க" என்று அவருக்குப் புத்தி சொல்வதுண்டு. ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறவிடுவதில்லை. நானும்தான். கணவரை நினைத்துப் பெருமைப்படக் கிடைத்த நான்கு வருடங்களை என் கற்பனைப் பயத்தால் வீணாக்கிவிட்டேனே என்று நினைத்தால் இன்றும் மனம் சுடுகிறது. அதனால்தானோ என்னவோ, என் கணவர் டிரம்ஸ் அடிப்பவர் என்று இப்போதெல்லாம் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.