அவிழ்ந்தும் ஒட்டாத நொதி

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். குளிர் அறையில்தான் பாதி நாள் போகும். கொஞ்சம் வெப்பம் ஏறினாலே கெட்டுப்போகும் புரதங்களைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வது அவள் வேலை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, மூக்கு சிவந்து வெளியே வருவாள். கையில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். "புள்ளத்தாச்சி மாதிரி பாத்துக்கணும், குலுக்கிடாத" என்று சொல்லித்தான் என்னிடம் தருவாள்.

அவள் அதிகம் தயாரித்தது பார்கின் என்ற நொதியை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவளுக்கு நேர்ந்தது புரியும். நம் செல்களில் பழுதாகிப்போனதை அடையாளம் வைத்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. அடையாளமாக ஒட்டப்படுவது யுபிக்விட்டின் என்னும் குட்டிப் புரதம். அதை ஒட்ட மூன்று நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி உழைக்கின்றன. முதல் நொதி ஆற்றலைச் செலவழித்து யுபிக்விட்டினைத் தயார் செய்கிறது; இரண்டாவது அதை வாங்கிச் சுமக்கிறது; எதன்மேல் ஒட்டுவது என்று ஆள் பார்த்துத் தீர்மானிப்பது மூன்றாவது. மனித உடலில் இந்த மூன்றாம் வகை மட்டும் நூற்றுக்கணக்கில் உண்டு. பார்கின் அவற்றில் ஒன்று. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதன்மேல் குறி வைப்பது இதன் பொறுப்பு. சும்மா இருக்கும்போது தன் உறுப்புகளாலேயே தன்னை மூடிக்கொண்டு சுருண்டு கிடக்கும். பழுது நேர்ந்த செய்தி வந்தால் அவிழும். அவிழ்ந்ததும், உள்ளே மறைந்திருந்த சிஸ்டீன் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் யுபிக்விட்டினைத் தன்மேல் வாங்கி, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிவிடும்.

சுருண்ட பார்கினை வலிய அவிழ்க்கும் ஒரு மருந்தை எங்கள் பேராசிரியர் பல வருடங்களாகத் தேடி, கடைசியில் கண்டுபிடித்திருந்தார். பார்கின் சரியாக அவிழாத நோயாளிகளிடம் அதைச் சோதிக்கும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். முப்பது வயதைத் தாண்டாதவன். ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுந்தும் பிரேக்கிலிருந்து அவன் கால் எழவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பயணிகள் திட்டினார்கள். கடைசியில் இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் காலை எடுத்திருக்கிறான்.

பரிசோதனைகள் முடிந்து நரம்பு மருத்துவர் அக்காவையும் தம்பியையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இது பார்கின்சன். இந்த வயசுல வர்றது பரம்பரை வகை. பார்கின்னு ஒரு மரபணு, அதோட ரெண்டு பிரதியுமே கோளாறு."

அன்று காலை அந்த மரபணு தரும் புரதத்தைத்தான் அவள் குழாயில் நிரப்பி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் என் மேஜைக்கு வந்தவள் அழவில்லை. கண்ணெல்லாம் பளபளப்பாக இருந்தது. "நம்ம கையிலயே மருந்து இருக்கு பாரு. வேற யாருக்கு இப்படி அமையும்?" என்றாள். வீட்டிலும் அதையே சொல்லியிருந்தாள். அவள் அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள். தம்பி, திரும்ப வண்டி எடுக்க எப்போது வரலாம் என்று டிப்போவில் விசாரித்துவிட்டு வந்தான்.

சோதனையில் அவனைச் சேர்ப்பதற்காக, கோளாறு எந்த இடத்தில் என்று மருத்துவரிடம் போனில் கேட்டாள். இரண்டு பிரதியிலும் நானூற்று முப்பத்தொன்றாவது இடம் என்றார் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்த எண் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். யுபிக்விட்டினை வாங்குகிற அந்த ஒற்றைச் சிஸ்டீன் இருக்கும் இடம் அது. அவள் தம்பியின் உடம்பில் அந்த இடத்தில் வேறொரு அமினோ அமிலம் இருந்தது. மருந்து பார்கினை எவ்வளவு அவிழ்த்தாலும், வாங்கி ஒட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

தெரிந்தும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பியின் பார்கினை அப்படியே பாக்டீரியாவில் தயாரிக்கத் தொடங்கினாள். அது கட்டி கட்டியாகத் திரிந்துபோனது. உப்பை மாற்றினாள், குளிரைக் கூட்டினாள், சோறு தண்ணீர் மறந்தாள். ஒருவழியாகக் கொஞ்சம் கிடைத்தது. மருந்தையும் மற்ற நொதிகளையும் யுபிக்விட்டினையும் சேர்த்து, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நல்ல பார்கின் இருந்த பக்கம், யுபிக்விட்டின் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏணிப்படி போல நீலக் கோடுகள் விழுந்தன. தம்பியின் பக்கம் வெறிச்சென்று இருந்தது.

"நீ சரியா ஊத்தல" என்றாள்.

திரும்ப ஓட்டினேன். அதே வெறுமை. மருந்தைக் கூட்டி வந்தாள். பிறகு இன்னும் கூட்டி வந்தாள். ஒரு தடவை ஜெல் தட்டை என் கையிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இங்க லேசா ஒரு கோடு தெரியுதுல்ல? தெரியுதுன்னு சொல்லேன்" என்றாள்.

பேராசிரியர் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "எத்தனை தடவ செஞ்சாலும் இதுதாம்மா வரும். உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம். இவன் பேர சோதனையில சேத்துடுங்க. பலன் இல்லாட்டியும் பரவால்ல."

"பலன் வராதுன்னு தெரிஞ்சே எப்படிச் சேப்பேன்? தலைவலி, வாந்தின்னு கஷ்டம் மட்டும்தான் அவனுக்கு மிஞ்சும்."

அவள் மேடத்தின் காலைப் பிடித்தாள். அவர் பதறி எழுந்து அவளைத் தூக்கினார்.

வீட்டில் சொன்ன நாளைப் பற்றி அவள் பின்னால் என்னிடம் சொன்னாள். அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு, "ஊருக்கெல்லாம் மருந்து செய்யத் தெரிஞ்சவளுக்குக் கூடப்பிறந்தவன்னா மட்டும் கை வராதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தம்பி தலையைக் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என்கிட்ட அந்தப் பொருளே இல்லையா அக்கா?"

"இருக்குடா. முக்கியமான எடத்துல பழுது."

"ஒரே ஒரு எடமா?"

"ஒரே ஒரு எடம்."

அவன் சிரித்தான். "போயும் போயும் அங்கதானா?" என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. அவள் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சோதனை ஆரம்பமாகி மற்றவர்கள் மருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிய பார்கினை அவள்தான் இன்னமும் செய்து தருகிறாள். எந்தக் குழாயிலும் குறை வைப்பதில்லை. அறையை விட்டு வெளியே வருவது மட்டும் குறைந்துவிட்டது; சாப்பிடக்கூட நான் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

தம்பிக்கு வழக்கமான மாத்திரைகள் கேட்கின்றன. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நடக்கிறான், டிப்போவில் உட்கார்ந்து வண்டிகளின் வரவை மைக்கில் அறிவிக்கிறான். அதன் வேகம் இறங்கினால் உடம்பு மரக்கட்டை. காலையில் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுவாள். போன வாரம் அவள் கையைத் தட்டிவிட்டு, "நானே போடுறேன், நீ கெளம்பு" என்றிருக்கிறான். முதல் பொத்தானிலேயே விரல் வழுக்கி வழுக்கி விலகியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உதவவும் முடியாமல் போகவும் மனமில்லாமல், கதவைப் பிடித்தபடி நின்றாளாம். அன்று வேலைக்கு மிகவும் தாமதமாக வந்தாள்.