அடுத்த ஞாயிறு வரைக்கும்

திருநாள் சப்பரத்துக்கு முன்னால் அண்ணி விழுந்த அந்தச் சாயங்காலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசைகளுக்கு நடுவே ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பெண்கள் இரண்டு வரிசையாக மெழுகுவர்த்தி ஏந்தி முன்னே நடந்தோம். செபமாலையை உரக்கச் சொல்லி நடத்தியவர் என் அண்ணி. தலையில் முக்காடு, கழுத்தில் மாதா சபையின் நீல நாடா. மங்கள வார்த்தை செபத்தைப் பாதி சொன்னவர் மீதியைச் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி கையிலிருந்து நழுவியது. அடுத்த நொடி அவரே ரோட்டில் கிடந்தார். மயக்கம் என்று நினைத்துத் தூக்கக் குனிந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். பின்னாலிருந்து யாரோ, "சம்சு" என்றார்கள். மலிவுச் சாராயத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

சப்பரம் சுமந்தவர்களில் அண்ணனும் ஒருவர். அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். தோள் மாற்ற ஆட்கள் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள், ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அந்தோனியார் சுரூபத்தோடு எங்களைக் கடந்து போனார். நானும் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மாவும் அண்ணியை இழுத்துப் போய்ச் சாக்கடை ஓரத்து மாமரத்தடியில் உட்கார வைத்தோம். ஊர்வலம் முழுவதும் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

அப்பாவும் அம்மாவும் ரப்பர் எஸ்டேட்டில் ஒரே காய்ச்சலில் போன பிறகு, ரயில்வே ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்த அண்ணன் என்னைத் தன்னோடு அழைத்து வந்திருந்தார். எனக்குத் தலை வாரி, ரவிக்கை தைத்து, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து ஆளாக்கியது அண்ணிதான். நல்ல குரல் அவருக்கு. பூசையில் அவர் பாட்டெடுத்தால் ஆண்கள் பக்கத்திலும் பேச்சு அடங்கும்.

குடி எங்கள் வீட்டுக்குள் பிரசவ மருந்தாகத்தான் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுப்பது அன்றைக்கு எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மிளகும் பூண்டும் சாப்பாட்டில், பிராந்தி ஒரு சின்னக் கிண்ணத்தில். குளிருக்கு நல்லது, உடம்பு இறுகும் என்பார்கள். அண்ணியின் பிள்ளை அவசர ஞானஸ்நானம் பெற்று அடுத்த நாளே போய்விட்டது. பிள்ளை போன பிறகும் மருந்து நிற்கவில்லை. "தூக்கம் வருது தங்கச்சி, அது போதும்" என்பார். அண்ணனும், 'பாவம், பெற்ற வயிறு' என்று விட்டுவிட்டார். பிராந்தி வாங்குவது நின்றபோது, பின் சந்து வழியாகச் சம்சு வர ஆரம்பித்தது. அண்ணி எந்நேரமும் கிராம்பு மென்றார். எனக்கு விஷயம் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரியாதவர்களைப் போல ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

திருநாள் முடிந்ததும் அண்ணன் கத்தவில்லை, கை நீட்டவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் புறப்படும்போது உள்ளறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டு, "யார் கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லு. அடுத்த கப்பல்ல அவளை ஊருக்கு அனுப்பிடறேன்" என்றார். தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டார். அறைக்குள் அண்ணி நடுங்கிக்கொண்டு கிடந்தார். வியர்வையில் பாய் நனைந்தது. தண்ணீர் கொடுத்தால் டம்ளர் பல்லில் அடித்துக்கொண்டது. நான் தண்ணீரை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து தாழிடுவேன். தெருவில் யாராவது சிரித்தால் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். தண்ணீர்க் குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

முதலில் எங்கள் கதவைத் தட்டியவர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாதா சபைக்கு அவர்தான் தலைவி. கண்டிப்பானவர், பூசைக்குப் பிந்தி வந்தால் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வையே போதும். நான் வாசலை மறித்துக்கொண்டு, "அண்ணிக்குக் காய்ச்சல்" என்றேன்.

"என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. கதவைத் திற" என்றார். நோயை அவர்கள் வருத்தம் என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே வந்தவர் ஜன்னல் போர்வையை இழுத்துக் கீழே போட்டார். அந்த நாற்றத்துக்கு நடுவே, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அண்ணியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எங்கட தமையன் குடிச்சவர். மானம் போயிடுமெண்டு நாங்கள் அவரை அறைக்குள்ள வைச்சுப் பூட்டினம். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளுக்குள்ளயே செத்துப் போனார். செத்த பிறகும் காய்ச்சலெண்டுதான் சொன்னம்" என்றார். இதை அவர் அண்ணிக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா தெரியவில்லை. அண்ணி அந்த மடியில் முகத்தைப் புதைத்து, பிள்ளை செத்த அன்று அழாத அழுகையை அழுதார்.

அந்த வாரம் சபை கூடியது. அண்ணியின் நாடாவைத் திருப்பி வாங்க வேண்டும் என்று பலர் சொன்னார்களாம். "நாடாவைப் பறிச்சால் அவவுக்கு இங்க வாறதுக்கு என்ன கிடக்கு?" என்று தலைவியம்மா கேட்டாராம். இதைக் கேள்விப்பட்ட பங்குக் கோவில் சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர், புத்தகத் தமிழில்தான் பேசுவார். அண்ணி அவர் காலடியில் விழுந்து, இனி சாகும்வரை தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யப் போனார். அவர் தடுத்துவிட்டார். "மகளே, வாழ்நாள் முழுவதற்கும் வாக்குக் கொடாதே. உன்னால் தூக்க இயலாது. அடுத்த ஞாயிறு வரைக்கும் கொடு. பிறகு வந்து என்னைப் பார்" என்றார். அண்ணனைத் தனியே அழைத்து, கப்பலைப் பற்றி என்ன பேசினாரோ, அந்தப் பேச்சு அதோடு நின்றது. கதவைத் தாழிடுவதும் நின்றது.

சாயங்காலம் நெருங்கும் நேரம்தான் அண்ணிக்குக் கண்டம். அடுப்பு வேலை முடிந்திருக்கும், அண்ணன் வந்திருக்கமாட்டார், வீடு சும்மா இருக்கும். அந்த நேரத்துக்குச் சபைப் பெண்கள் முறைவைத்து வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் வரவில்லை. ஒருத்தி, தன் புருஷன் விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லி அனுப்பினாள். வந்தவர்கள் யாரும் குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. பீடத்து விரிப்புகளுக்கு ஓரம் தைத்தார்கள். பருப்பில் கல் பொறுக்கினார்கள். பாசாரில் மீன் விற்ற விலையைப் பேசினார்கள். அண்ணியின் கை நடுங்கி ஊசி விரலில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்தாமலே துணியை வாங்கி அந்தத் தையலை முடித்துக் கொடுப்பார். இருட்டும் முன் சேர்ந்து செபமாலை சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோவில் காலியாகத் தொடங்கியதும் அண்ணி பீடத்துக் கிராதிக்கு முன் தனியாக முழந்தாளிட்டு, சாமியாரிடம் இன்னொரு வாரத்துக்கு வாக்குக் கொடுப்பார். அண்ணன் வெளியே மரத்தடியில் நின்று காத்திருப்பார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

நோன்பிருக்கும் தபசுகாலத்தில், பிள்ளை இறந்த தேதி வந்தபோது, அண்ணி மறுபடியும் குடித்தார். யாரும் சொல்லி எங்களுக்குத் தெரியவரவில்லை. அவரே பட்டப்பகலில், வாயில் அந்த வாடையோடு, குவாட்டர்ஸ் தெரு முழுவதும் நடந்து சாமியார் வீட்டுக்குப் போனார். நடை தள்ளாடியது. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நான் ஜன்னல் ஓரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சாமியார் திட்டவில்லையாம். "சரி. எழுந்திரு. அடுத்த ஞாயிறு வரைக்கும்" என்றாராம். அதற்குப் பிறகு அண்ணி குடிக்கவில்லை. ஆனால் அது அன்றைக்கு எங்களுக்கு எப்படித் தெரியும்?

மறு வருஷம் எனக்குக் கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். அந்த ஊர்க் கோவிலில் பெயர் பெற்ற குடும்பம். பெண் பார்க்க வருகிற அன்று அண்ணியை ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் இருக்கச் சொன்னார் அண்ணன். "கிள்ளான் வரைக்கும் நம்ம கதை போயிருக்காது. நீ கண்ணுல படாம இருந்தா போதும்." அண்ணி தலையாட்டினார். எனக்குத் தலை பின்னி, பூ வைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, பின் சந்து வழியாகப் போனார். அவர் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "வீட்டம்மாவைக் காணோமே?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருக்காங்க. அவங்க அம்மாவுக்கு முடியல" என்றார் அண்ணன். ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது அந்தப் பொய்.

அப்போது அடுப்படிப் பக்கமிருந்து அண்ணி வந்தார். பாதி வழியில் திரும்பி வந்து அங்கே நின்றிருக்கிறார். பெரியவர்களுக்குக் கைகூப்பித் தோத்திரம் சொன்னார்.

"நான் எங்கேயும் போகலைங்கம்மா. இந்தப் புள்ளையோட அண்ணி நான்தான். நான் குடிச்சுக்கிட்டிருந்தவ. திருநாள் அன்னிக்கு ரோட்டுல விழுந்து கிடந்தவ. இப்பக் குடிக்கிறதில்ல. நாளைக்கு வேற யாராச்சும் உங்க காதுல போடறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். புள்ள மேல ஒரு குறையும் இல்லைங்க."

அந்த அம்மா காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார். "சொன்னது நல்லதுதாம்மா" என்றார். பிறகு, கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். சில நாள் கழித்து, சொந்தத்திலேயே பெண் அமைந்துவிட்டதாக கோவில் உபதேசியார் மூலம் தகவல் வந்தது.

அவர்கள் போன கையோடு, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துட்டியே. ஒரு மணி நேரம் அந்த வீட்டுல உட்கார்ந்திருக்க முடியலையா உனக்கு?" என்றார்.

"உட்கார்ந்திருக்கலாங்க. ஆனா அந்தப் பொய்ய நீங்க சொல்லி, நான் அங்க ஒளிஞ்சிருந்தேன்னா, இன்னிக்குச் சாயங்காலமே குடிச்சிருப்பேன்."

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேச்சு இல்லை. சபைப் பெண்கள் வழக்கம்போல வந்து தைத்துவிட்டுப் போனார்கள். நான் அறைக்குள்ளேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணி கிராதிக்கு முன் முழந்தாளிட்டார். அன்று அண்ணன் மரத்தடிக்குப் போகவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, பெண்கள் பக்கம் வந்து, அண்ணிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சாமியார் அவரை உற்றுப் பார்த்து, "உனக்கு என்ன வாக்கு, மகனே?" என்று கேட்டார். அண்ணன், "பொய் சொல்லமாட்டேன் சாமி. அடுத்த ஞாயிறு வரைக்கும்" என்றார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, அதுவும் கிள்ளானில்தான், வேறொரு குடும்பத்தில். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அண்ணியே காப்பி கொடுத்து, அண்ணனே விஷயத்தைச் சொன்னார். அவர்கள் முன்பே கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார்கள். அண்ணி வயதாகி, குடிக்காமலே கண்ணை மூடினார். சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை வாக்கை அவர் விடவில்லை. சாமியார்கள் மாறினார்கள், ஒவ்வொருவரிடமும் முதலில் போய்த் தன் கதையைச் சொல்லிவிடுவார். நான்தான் என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. பாட்டு நன்றாகப் பாடுவார் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது எங்கள் கிள்ளான் கோவில் ஹாலில், வாரத்தில் ஒரு சாயங்காலம், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடுகிறார்கள். குடும்பத்தாரும் வரலாம். விளக்கைப் பளிச்சென்று போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். போன வாரம் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கத்தான் போயிருந்தேன். இளம் பெண் ஒருத்தி, கையில் பிள்ளையோடு, தான் குடித்ததை ஒளிக்காமல் சொல்லி முடித்தாள். அப்புறம் சாமியார் என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். "எங்க அண்ணி குடிச்சாங்க" என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு பையன், "கேக்கல ஆன்டி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க லா" என்றான்.

சத்தமாகச் சொன்னேன்.