காலி விட்ட முதல் வரி

என் பழைய கைப்பேசியில் ஒரு செய்தி கிடக்கிறது. மேலே ஒரு வரிக்கான இடம் காலி, அதற்குக் கீழே பதினான்கு வரிகள். வேறு யாராவது பார்த்தால், விரல் தவறுதலாகப் பட்டு விழுந்த இடைவெளி என்றுதான் நினைப்பார்கள். செஞ்சியில் செய்தி எழுதிப் பிழைத்த எங்களுக்கு அது ஒரு முறை. நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு இணையச் செய்தித் தளத்துக்கு எழுதிக்கொண்டிருந்தோம். விபத்தோ மறியலோ ஐந்து பேரும் ஓட வேண்டாம், ஒருவர் போய்ப் பார்த்து எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று பேசி வைத்திருந்தோம். எழுதுகிறவர் முதல் வரியை மட்டும் காலியாக விட வேண்டும். பிறகு ஐந்து பேரும் ஆளுக்கொரு முதல் வரியைப் போட்டு, தம் பெயரைச் சேர்த்துத் தத்தம் தளத்துக்கு அனுப்பிவிடுவோம். படிக்கிறவர்களுக்கு ஐந்து செய்தி. உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் எங்கள் நிருபர் சங்கத் தலைவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு காலை பெஞ்சின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அவர் செய்தி அடிக்கும் வேகத்தைப் பார்த்து நான் பலமுறை வாய் பிளந்திருக்கிறேன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதிலிருந்து பந்தி முடிகிற வரை கூட நின்றவர். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். “போறவன் கண்ணால பார்த்துட்டு எழுதணும். அது ஒண்ணுதான் நம்ம சட்டம்” என்று அவர்தான் அடிக்கடி சொல்வார். நான் அதை நம்பினேன். அவரையும் நம்பினேன்.

அன்றைக்கு அமாவாசை. ஐந்து பேரும் மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் இருந்தோம். மதியம் இரண்டரை மணிக்குச் செய்தி வந்தது. சிங்கவரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகள் பதினோரு பேர் வாந்தி எடுக்கிறார்கள், செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். “நீங்க கூட்டத்தைப் பாருங்க, நான் போறேன்” என்று தலைவர் வண்டியை எடுத்தார். நாற்பது நிமிடத்தில் குழுவில் செய்தி விழுந்தது. சாம்பாரில் பல்லி கிடந்ததாம், சமையலர் அலட்சியமாக இருந்தாராம், பெற்றோர் கொதித்துப்போய் இருக்கிறார்களாம். அமாவாசை நாளில் அந்தச் சிறப்புப் பேருந்துகளுக்கு நடுவே வண்டியை நகர்த்தி ஊர் எல்லையைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகும். அது எங்கள் நால்வருக்கும் நன்றாகவே தெரியும். ஒருவனும் கேட்கவில்லை. நான் காலியாக இருந்த வரியில், “பிஞ்சு வயிற்றில் பல்லி விஷம்: பார்க்காமல் பரிமாறிய சமையலர்!” என்று போட்டு அனுப்பினேன். முதல் வரி எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். ஐந்து தளங்களில் என் செய்தியைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள். சாயந்திரம் தளத்திலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் அந்தச் சமையலர் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவரை நான் பார்த்தது கிடையாது. அழவோ திட்டவோ இல்லை. கையில் இருந்த கைப்பேசியை நீட்டி, “இது நீதானே எழுதுனது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அன்னிக்கு புதன்கிழமைப்பா. தக்காளி சாதமும் முட்டையும். சாம்பாரே வெக்கல. செவுத்துல எழுதிப் போட்டிருக்குது, வந்து பாரேன். சாம்பாரே இல்லாதப்ப பல்லி எங்கப்பா வந்து வுழும்?”

போய்ப் பார்த்தேன். சுவரில் எந்தக் கிழமைக்கு எந்தச் சாப்பாடு என்று பெயிண்டால் எழுதியிருந்தது. புதனுக்கு நேரே தக்காளி சாதம். பள்ளிக்குப் பின்னால் வேலியோரம் காட்டாமணக்குச் செடிகள். இடைவேளையில் அதன் விதையைப் பிள்ளைகள் உடைத்துத் தின்றிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே டாக்டர் அதைச் சொல்லியிருக்கிறார். கேட்க எங்களில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து குழுவில் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனேன். போன வருடம் அனந்தபுரம் பக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குத் தலைவர் எழுதிய செய்தி கிடைத்தது. அதில் சாம்பாரும் இருந்தது, பல்லியும் இருந்தது. ஊர்ப் பெயரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றியிருக்கிறார். மேல்மலையனூர் எல்லையைத் தாண்டாமலே, ஏதோ ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு.

எங்கள் செய்தியை வைத்து அதற்குள் அக்கா மேல் விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். டீக்கடையில் தலைவர் முன்னால் இரண்டு செய்திகளையும் வைத்தேன். மறுக்கவில்லை. “தப்புதான்டா. விசாரணைக்கு அஞ்சு பேரும் போவோம். நான் முன்னால நின்னு சொல்றேன், நீ பின்னால நில்லு” என்றார். மற்ற மூவரும் சரி என்றார்கள். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை கூடிப்போனது என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

விசாரணை நாளில் அலுவலக வராந்தாவில் நானும் அந்த அக்காவும் மட்டும் நின்றோம். தலைவருக்கு ஏழு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அதிகாரி மேசையில் ஐந்து தளங்களின் செய்தியும் அச்செடுத்துப் பின் அடித்து வைத்திருந்தது.

“தனித்தனியா அஞ்சு பேர் எழுதியிருக்காங்கம்மா. அஞ்சு பேருமா பொய் சொல்லுவாங்க?” என்று அவர் அக்காவைக் கேட்டார்.

“அஞ்சு பேர் இல்ல சார். ஒருத்தர் எழுதுனதுதான், நாங்க பேர் மாத்திப் போட்டுக்கிட்டோம்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க இந்தம்மாவுக்குச் சொந்தமா?”

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது சாயந்திரம்தான் புரிந்தது; தலைவர் முன்கூட்டியே அவர் காதில் போட்டு வைத்திருக்கிறார். என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். நான்கு தளங்களில் ஒரே செய்தி: பல்லி விழுந்த உணவு விவகாரத்தில் சமையலரைக் காப்பாற்ற அவருடைய உறவினரான நிருபர் விசாரணையில் பொய் சாட்சி சொன்னார். நான்கிலும் முதல் வரி மட்டும் வேறு. அதற்குக் கீழே வார்த்தைக்கு வார்த்தை தலைவரின் எழுத்து. எத்தனை வருடம் படித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு முதல் வரியையும் எந்த நண்பன் போட்டான் என்பதுகூடத் தெரிந்தது. என் மகளை வண்டியில் தூக்கிக்கொண்டு போன மனிதர் அந்தச் செய்தியை அடிக்கும்போதும் முதல் வரிக்கு ஒழுங்காக இடம் விட்டிருப்பார்.

என் தளம் மறுநாளே என்னை நிறுத்திவிட்டது. அக்காவின் வேலையும் போயிற்று. இப்போது அவர் திண்டிவனம் சாலையில் ஒரு நிலக்கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கிறார். ஊரில் அவரைப் பல்லி அக்கா என்கிறார்கள். நான் எழுதிய செய்தி என் பெயரோடு இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கிறது. நீக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை.

வேலை போன வாரத்தில்தான் அந்தப் பதினான்கு வரிகளை எழுதினேன். தக்காளி சாதம், காட்டாமணக்கு, டாக்டர் சொன்னது எல்லாம் அதில் உண்டு. எங்கள் முறைப்படியே முதல் வரியைக் காலியாக விட்டு நால்வருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். நால்வரும் படித்துவிட்டார்கள் என்று நீலக் குறி வந்தது. அதோடு சரி.

போன வாரம் மண்டிப் பக்கம் போனபோது அக்கா நிமிர்ந்து பார்த்து, எப்போதும் கேட்பதைக் கேட்டார். “அந்தச் சேதி வந்துச்சாப்பா?”

“இன்னும் இல்லக்கா.”

“பல்லி மட்டும் ஒரே நாள்ல அஞ்சுலயும் வந்துச்சே” என்றார். கை மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டு அந்தச் செய்தியைத் திறந்தேன். தலைவரை மனதாரத் திட்டிக்கொண்டுதான் படித்தேன். பதினான்கு வரிகளில் அக்கா இருந்தார், பள்ளி இருந்தது, டாக்டர் இருந்தார். நான் எங்கேயும் இல்லை. மேலே இருந்த இடத்தை அவர்களுக்காகக் காலி விட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வர வேண்டிய வரி எனக்கு அன்றைக்கே தெரியும். இத்தனை நாள் கழித்து, என் பெயரோடு அதை இங்கே போடுகிறேன்: அன்றைக்கு எங்களில் ஒருவரும் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை.