துப்பாக்கி லைசென்ஸுக்கு நான் எழுதிய காரணங்கள்

அப்பா இறந்தபின் அவருடைய துப்பாக்கியை வைத்துக்கொள்ள லைசென்ஸ் கேட்டேன். பெண்ணுக்கு அவசியமில்லை என்று மறுத்தார்கள். அப்பீல் செய்தேன். அப்போது பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை; ஆனேக்கல் பக்கம் தோட்டத்து வீட்டில் தனிவாசம். காரணங்களை எண்ணிட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வீடு அரை மைல் தள்ளி. உடன்பிறந்தவர் இல்லை. மணமாகவில்லை. கூப்பிட்டால் கேட்க ஆளில்லை.

விசாரணையில் என் வக்கீல் அதை உரக்கப் படித்தார்.

"சொந்தக்காரங்க யாரும் வந்து போறதில்லையாம்மா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க சார்."

"தீபாவளிக்குக்கூடவா?"

"இல்லீங்க."

வெளியே வந்ததும் வக்கீல் சிரித்தார். "தீபாவளியிலேயே ஜெயிச்சிட்டோம்மா."

லைசென்ஸ் கிடைத்தது. நான் எழுதிய எதையும் எதிர்த்தரப்பான அரசு மறுக்கவில்லை என்று உத்தரவில் இருந்தது. ஒன்றையாவது மறுத்திருக்கலாம் என்று ஆனேக்கல் பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன்.