ஏழாம் நம்பர் அறையில் இருந்தவர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் ஜாவா நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவருக்கு ரூம் புக்கிங் மென்பொருள் செய்து கொடுத்தோம். சர்வர் ராமநாதபுரத்தில், அவருடைய ஆபீசில் இருந்தது. எந்த அறை காலி என்பதை லாட்ஜ் கவுண்டர் கம்ப்யூட்டர் அதனிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாதம் முதலாளி கூப்பிட்டார்.

"நாங்க இங்கன புக் பண்ணி வச்ச ரூமுல அங்க வேற ஆள் இருக்கான் தம்பி. நேத்து ஒரு குடும்பம் தீர்த்தமாடிட்டு ஈரத்துணியோட வந்து நிக்குது, ரூம் இல்ல. கவுண்டர்ல இருக்க பொம்பள புரோக்கர்களோட சேந்துக்கிட்டு வேல காட்டுது. ரிப்பேருக்கு வந்த மாதிரி போய் உக்காந்து பாரு."

போய் உட்கார்ந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பாம்பனிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், கணவர் துபாயில். ஒரு கைடு கவுண்டரில் சாய்ந்து மெதுவாகப் பேசினால் குறித்துக்கொண்டேன். ஒருவருக்குப் பேசாமல் சாவியை நீட்டினார். அதையும் குறித்துக்கொண்டேன். மதியத்துக்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"தம்பி, கம்ப்யூட்டரப் பாக்க வந்தீங்களா, என்னையப் பாக்க வந்தீங்களா?"

"கம்ப்யூட்டரத்தான் அக்கா."

"அப்ப ஏன் இன்னும் அதத் தொடவே இல்ல?"

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பிற்பகலில், மாடியில் அறை பதிந்திருந்த ஒரு வயதான தம்பதி படியேற முடியாது என்று கீழ்த்தளத்தில் அறை கேட்டார்கள். அக்கா அறை மாற்றும் திரையைத் திறந்து நான்காம் நம்பரைக் கொடுத்தார். அந்த அறை வேறொரு குடும்பத்துக்கு என்று ராமநாதபுரத்திலிருந்து நான் கொண்டுவந்த பட்டியலில் இருந்தது. மாட்டிக்கொண்டார் என்று எழுந்தேன்.

"இந்த ரூமுக்கு ஆள் வருதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். காலி என்றுதான் காட்டியது.

"நானும் ஒண்ணு கேக்கணும். இந்தத் திரையில மட்டும் ஏழாம் நம்பர்ல 'சோதனை'ன்னு ஒருத்தர் மூணு மாசமா இருக்காரு. போய்ப் பாத்தா பூட்டிக் கெடக்கு. மேனேஜர்கிட்ட கேட்டா சிரிக்கிறாரு. யார ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மென்பொருளைச் சோதித்துப் பார்க்க அந்த ஆளை டைப் செய்தவனே நான்தான்.

மூன்று மாதம் முன்பு மென்பொருளை நிறுவிய அன்று, பயிற்சிக்காக இதே கம்ப்யூட்டரில் மொத்த மென்பொருளையும் ஒரு நகல் போட்டிருந்தேன். அதை எடுக்க மறந்துபோனேன். ஜாவாவில் மென்பொருளின் ஒரு பாகத்தைப் பெயர் சொல்லித் தேடலாம். எந்தச் சர்வரில் தேடுவது என்று முகவரி கொடுக்காவிட்டால் அது தானிருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடும். மற்ற திரைகளுக்கெல்லாம் ராமநாதபுரம் முகவரியைக் கொடுத்தவன், அறை மாற்றும் திரைக்கு மட்டும் விட்டிருந்தேன். அதே பெயரில் இங்கே கிடந்த பயிற்சி நகல்தான் இத்தனை நாளும் 'காலி, காலி' என்று பதில் சொல்லியிருக்கிறது.

முகவரியைச் சேர்த்தேன், நகலை அழித்தேன். நான்காம் நம்பரில், பட்டியலில் இருந்த குடும்பத்தின் பெயர் வந்தது. நல்லவேளையாக கீழ்த்தளத்திலேயே ஒன்பதாம் நம்பர் உண்மையிலேயே காலி. தம்பதியை அங்கே அனுப்பினோம். பிறகு அக்கா முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன்.

"அந்தம்மா உனக்கு எத்தன டீ வாங்கிக் குடுத்துச்சு?" என்றார் முதலாளி.

போனுக்கு வெளியிலும் கேட்டிருக்கும். அக்கா ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "எழுதிக் குடுங்க."

ரிமோட், லோக்கல் என்று ஏதோ எழுதினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது யாருக்குப் புரியும்? தப்பு உங்களதுன்னு எழுதுங்க. என்னது இல்லன்னும் எழுதுங்க."

இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு ஜெராக்ஸ் எடுத்து முதலாளிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அசலைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த லாட்ஜுக்குப் போனபோது கவுண்டருக்கு மேலே கேமரா இருந்தது. நான் வந்து போன மறு வாரமே முதலாளி மாட்டியதாம். அதற்குப் பிறகு ரூம் குழப்பமே இல்லை என்றார் மேனேஜர். கேமரா மாட்டிய அன்றைக்கே அந்த அக்கா வேலையை விட்டுப் போய்விட்டார் என்றும் சொன்னார்.