தையலை வெளிய திருப்பின சட்டை

மூணு வருசத்துக்கு முன்னால நடந்ததுங்க. பல்லடம் ரோட்டுல, குழந்தைத் துணி தைக்கிற ஒரு சின்ன பனியன் கம்பெனியில வெப்சைட்டைப் பார்த்துக்கற வேலை எனக்கு. கூகுள்ல தேடற வெளியூர்க்காரங்க கண்ணுல எங்க கம்பெனி படணும். அதுக்கு மத்த வெப்சைட்டுக எங்க சைட்டுக்கு லிங்க் கொடுக்கணும். நாலு நல்லவங்க கை காட்டினாத்தான் கூகுளும் நம்மளை நம்பி மேல கொண்டாந்து வெக்கும்.

எங்க ஊர்ல நிட்டிங், சாயம், பிரிண்டிங்னு எல்லாத்தையும் வெளிய ஜாப் வொர்க்குக்குக் கொடுத்துத்தான் பழக்கம். அதே புத்தியில லிங்க்கையும் ஒரு ஏஜென்டுகிட்ட, ஒரு லிங்க்குக்கு இவ்வளவுன்னு பீஸ் ரேட்டுக்கு விட்டுட்டேன். ரெண்டு மாசம் எங்க சைட்டு கூகுள்ல சும்மா ஜிவ்வுனு மேல போச்சு. மொதலாளிகிட்ட நல்லாப் பீத்திக்கிட்டேன். மூணாவது மாசம் தேடினா எங்க பேரையே காணோம்! பார்த்தா, அந்த ஆளு வாங்கிக் கொடுத்ததெல்லாம் சூதாட்ட சைட்டு, ஈ காக்கா எட்டிப் பார்க்காத போலி சைட்டோட லிங்க்குக. கூகுள் அதைக் கண்டுபிடிச்சு எங்களைத் தள்ளி வெச்சிருச்சு. வெளியூர் விசாரணை நின்னுபோச்சு. வரிசையா மெஷின் போட்டுத் தைக்கற ஒரு லைன் டெய்லர்களுக்கு வாரத்துல பாதி நாள் வேலை இல்லை.

"தீபாவளி வரைக்கும் பார்க்கலாங்க. இல்லீனா அந்த லைனை மூடீறலாம்"னாரு மொதலாளி. அவரு என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

ஏஜென்டை நிறுத்தினேன். அந்தக் கழிசடை லிங்க்கையெல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்கன்னு கூகுளுக்கும் சொல்லியாச்சு. அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம தைச்ச துணியைச் சரி பார்க்கற செக்கிங் டேபிள்ல போய் உட்கார்ந்தேன். அங்க வேலை செய்யற அக்கா தென்காசிப் பக்கம். ஒரு குட்டிச் சட்டையை உள்வெளியாத் திருப்பி, தையலை மணிக்கட்டுல தேச்சுப் பார்த்துக்கிட்டே, "குறைமாசப் பிள்ளைக்கு இது அறுக்கும்லா மேடம்"னாங்க. அவங்க மகளும் குறைமாசத்துல பொறந்தவதானாம். வெட்டி மிச்சமான கட்டிங் வேஸ்ட் துணியில தையலை வெளிப்பக்கமா வெச்சு, லேபிள் இல்லாம, பக்கத்துல நாடா கட்டற மாதிரி சட்டை தைச்சாங்களாம்.

"இதையெல்லாம் எங்கக்கா படிச்சீங்க?"ன்னேன்.

"எங்க படிக்க? பிள்ளை அழுதா. தையலைத் திருப்பிட்டேன்."

எனக்குப் பொட்டில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவங்களை உட்கார வெச்சு, அளவெடுத்து, படம் வரைஞ்சு, யார் வேணும்னாலும் தைச்சுக்கலாம்னு எங்க சைட்டுல போட்டோம். உண்மையிலேயே உதவும்னு தோணின, குழந்தைகளைப் பத்தி சைட்டு நடத்தற ஏழெட்டுப் பேருக்கு மட்டும் நானே உட்கார்ந்து மெயில் எழுதினேன். காசு தர்றேன்னோ, பதிலுக்கு லிங்க் தர்றேன்னோ ஒரு வார்த்தை எழுதல. பாதிப் பேர் கண்டுக்கவே இல்லை. தாய்மார்களுக்காக எழுதற ஒரு நர்ஸம்மா மட்டும், ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தைக்கு மாட்டற டியூப் போக இடம் விடுங்கன்னு திருத்தம் சொன்னாங்க. மாத்தினோம். அப்புறம்தான் லிங்க் கொடுத்தாங்க.

அதுக்கு மேல நடந்ததை இன்னமும் என்னால நம்ப முடியல. புரட்டாசியில ஒரு நாள் காலையில லிங்க் பட்டியலைத் திறந்தா, பக்கம் பக்கமா வருது! தாய்மார் குழு, தையல் பழகறவங்க, ஆஸ்பத்திரி, மேப்புல தேடினாத்தான் எங்க இருக்குன்னு தெரியற ஊருக. ஒருத்தரைக்கூட நான் கேக்கல. உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சுங்க. ஒரு பக்கம் என்ன பாஷைன்னே தெரியல. அதுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கைக்குழந்தை, எங்க அளவுல தைச்ச சட்டையோட. மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'இந்தியாவுல துணி கம்பெனியில வேலை செய்யற ஒரு அம்மா சொல்லிக் கொடுத்தது'ன்னு போட்டிருந்துச்சு.

போனை எடுத்துக்கிட்டு செக்கிங் டேபிளுக்கு ஓடினேன். அக்கா ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்கி, தோள்பட்டை, கை, பக்கவாட்டுன்னு வரிசையாப் பார்த்தாங்க. "தையல் வெளியதான் இருக்கு மேடம்"னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. நானுந்தான்.

கூகுள்ல எங்க பேரு மறுபடி மேல வந்து, வெளியூர் விசாரணையும் வர, தீபாவளிக்கு முன்னாடியே அந்த லைன் முழுசா ஓட ஆரம்பிச்சிருச்சு. தன் பிள்ளை அழுகையை நிறுத்த ஒரு அம்மா திருப்பின தையல், முகம் தெரியாத எத்தனை பேரை எங்களுக்காகக் கை காட்ட வெச்சிருக்குன்னு நெனச்சா, இப்பவும் அப்படியே மலைச்சுப் போயிடறேனுங்க.