மாமனார் வீட்டுச் சுவரில் ஆண் சிலந்தி

பொதுப்பணி அலுவலகத்தில் நான் வரைபடம் போடுகிறவனாக இருந்தேன். கோலாலம்பூரின் சாக்கடைகளையும் சிறு பாலங்களையும் ஏழு வருடம் வரைந்து சலித்திருந்தபோது, கோடு சுத்தமாக இழுக்கிற ஆள் ஒருவன் மூன்று மாதத்துக்கு வேண்டும் என்று மியூசியத்திலிருந்து கேட்டிருந்தார்கள். என்னை அனுப்பினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை கண்ணாடிக் குழாய்களில் சாராயம் ஊற்றிச் சிலந்திகளைப் போட்டு வைத்திருந்தார். முதல் நாளே ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, வரையச் சொன்னார். முகத்தின் இரு பக்கமும் இரண்டு சின்னக் கைகள். நுனி மட்டும் குத்துச்சண்டைக்காரன் உறை மாட்டியதுபோல் வீங்கியிருந்தது.

"இது கையா சார்?" என்று கேட்டேன்.

"கைதான்," என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனால் அவனுடைய ஆண்மையும் அங்கேதான் இருக்கிறது" என்றார்.

பிறகு கூச்சத்தோடு விளக்கினார். விந்து ஊறுவது என்னவோ வயிற்றில்தான். ஆண் சிலந்தி தனியாக ஒரு குட்டி வலை பின்னி, அதில் ஒரு துளி விட்டு, பேனாவுக்கு மை ஏற்றுவதுபோல் அதைக் கைகளில் உறிஞ்சிக்கொண்டு பெண்ணைத் தேடிப் புறப்படுமாம். கை நுனியில் ஒரு குமிழ், குமிழுக்குள் சுருண்ட குழாய், முனையில் ஊசி. இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும் என்பதால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிலந்திகளை அதைப் பார்த்தே பிரிப்பார்கள். ஒரு பெரிய சிலந்தியினத்தில் பெண் உள்ளங்கை அகலம், ஆண் அரிசிமணி போல. சில சமயம் அந்த ஊசி முறிந்து பெண்ணுக்குள்ளேயே தங்கிவிடும் என்றார்.

"அப்புறம் அவன் என்ன செய்வான்?"

"பெரும்பாலும் அப்புறம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது."

அன்று மாலை என் மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு, "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மாமனார் செந்தூல் ரயில் பட்டறையில் மேஸ்திரி. மியூசியத்தில் எனக்கு வேலை என்பதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சிலந்திக் கையை வரைந்ததில் மிஞ்சிப்போன தாள் ஒன்றைக் காட்டினேன்.

"அடடே, சங்கு! அசலா இருக்கே மாப்பிள்ளே!"

மாமனாரிடம் அந்த உறுப்பின் பெயரை எப்படிச் சொல்வது? "ஆமாங்க மாமா" என்றேன். நான் செய்த தவறு அந்த ஒரு சொல்தான்.

அவர் உற்றுப் பார்த்தார். "இது இடம்புரியால்ல இருக்கு? வீட்டுல மாட்டணும்னா வலம்புரிதான் விசேஷம்."

மியூசியத்தில் எப்போதும் இடது கையைத்தான் வரைவார்கள். மாமனாருக்காக வலது கையை வரைந்தேன். துரை பார்த்துவிட்டு ஏன் வலது என்றார். எங்கள் குடும்ப வழக்கம் என்றேன். மதிப்போடு தலையசைத்தார்.

படம் கண்ணாடி போட்டு, சுவரில் இங்கிலாந்து ராஜாவுக்கும் முருகனுக்கும் நடுவில் ஏறியது. மாமியார் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாங்கள் போகும்போதெல்லாம் இருவரையும் அதன் முன் நிறுத்தி, பிள்ளை வரம் கேட்கச் சொல்வார். "கும்பிடுங்க, சிரிச்சுத் தொலைக்காதீங்க" என்று என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. கஷாயமெல்லாம் அவளுக்கு, விரதமெல்லாம் அவளுக்கு, கேள்விகளும் அவளுக்குத்தான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு ரவாங்கிலிருந்து என் அண்ணன் செந்தூலில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், அந்தப் படத்தின் கீழேயே உட்கார்ந்து பேச்செடுத்தார்.

"இன்னும் எத்தனை வருசம் பார்க்கிறது? தம்பிக்கு இன்னொரு இடம் பார்க்கலாம்னு இருக்கேன். இவளும் கூடவே இருக்கட்டும், யாரு வேணாம்னா?"

மாமனார் தலை குனிந்தார். நான் தரையைப் பார்த்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"பெரியத்தான், அது என்ன படம் தெரியுமா?"

"சங்கு."

"சங்கு இல்ல. ஆம்பள சிலந்தியோட கை. அதோட ஆம்பளத்தனமெல்லாம் அந்தக் கையிலதான் இருக்காம். மியூசியத்துல ஒரு பூச்சின்னாக்கூட ஆம்பளையைத்தான் சோதிச்சுப் பார்க்கிறாங்க. இங்க நாலு வருசமா என்னை மட்டும்தான் பார்த்திருக்கீங்க. உங்க தம்பியை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு, அப்புறம் பொண்ணு தேடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய், நெசமாவா?"

படத்தைக் கேட்கிறாரா, மற்றதையா என்று தெரியாமல் இரண்டுக்குமாகத் தலையாட்டினேன்.

மாமனார் நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றப் போனார். மாமியார் விடவில்லை. "இருக்கட்டும். இத்தனை நாளா பூ வெச்சிட்டேன். இப்ப எடுத்தா கோவிச்சுக்கும்."

"எது கோவிச்சுக்கும்?"

"எதுவா இருந்தா என்ன?"

தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஊராக இருக்கட்டும் என்று, டாக்டரைப் பார்க்க நானும் அவளும் கிள்ளானுக்கு ரயிலேறினோம். அவரும் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டுதான் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில், இதுவரை எவனுக்கும் வந்திராத அவமானம் எனக்கு வந்துவிட்டதாக எண்ணி உட்கார்ந்திருந்தேன். பிறகு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, குறை என்னிடம்தான் என்றார். தீராத குறை இல்லை, மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். திரும்பும்போது ரயிலில் அவளிடம் சொன்னேன். கோபிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள். நான்கு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு கஷாயம் என் பக்கம் திரும்பியது. அண்ணன் ரவாங்கிலிருந்து வேர்களாக அனுப்பினார். பாசாரில் யார் எதைச் சொன்னாலும் மாமியார் வாங்கி வந்து அரைத்தார். என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன் என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள். அவள் நான்கு வருடம் குடித்த கசப்பை நான் ஒரே வருடத்தில் குடித்தேன். அவள்தான் டம்ளரோடு எதிரில் நின்று, கடைசிச் சொட்டுவரை பார்த்துவிட்டுப் போவாள்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். பார்க்க வந்த அண்ணன் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "அடுத்தது பையனாப் பெத்துக் குடும்மா" என்றார்.

படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."